இஸ்திரி போட்ட நூறு ரூபாய்

என் மகனுக்கு,

நீ நலமாகத்தான் இருக்கிறாய். காலையில்தான் என் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாய். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய். இத்தனை வருஷமாக நான் எதைச் சொன்னாலும் நீயும் உன் அம்மாவும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, என் வாய் அப்படி. எழுதும்போது கண்ணடிக்க முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் எங்கள் ஊர் கௌதள்ளிப் பள்ளிக்கூடத்தில் நாலாங்கிளாஸ் வரைதான் தமிழ் படித்தவன். நீ மைசூரில் கன்னடத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நானும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் இரண்டு பேரும் முடித்துவிடலாம்.

விஷயம் இதுதான். உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. மூன்று வருஷமாக வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில் அவர் உனக்குக் கொடுத்த நூறு ரூபாய் நோட்டைக் கெடுத்தேன். கெட்டது உனக்குத் தெரியும். நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைத்துக்கொண்டே நீ மணவறையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் எனக்கு அட்சதை போடக் கை வராது.

நீ ஹெப்பாள் பேக்டரியில் சேர்ந்த புதிதில் எப்படி இருந்தது, யோசித்துப் பார். சாயங்காலம் கம்பெனி பஸ் விஜயநகரில் என் இஸ்திரி வண்டிக்கு எதிரிலேயே உன்னை இறக்கிவிடும். நீ வந்து அந்தத் தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாய். டீ வரும். அன்றைக்கு சூப்பர்வைசர் என்ன சொன்னான், கேன்டீனில் சாம்பார் எப்படி இருந்தது என்று பேசுவாய். நான் கடைசிச் சட்டையை முடித்துக் கரியைத் தட்டுவேன், இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம். அரை மணி நேரம்தான். ஆனால் அந்த நாளில் எனக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். அதைத்தான் உன் மாமனார் எடுத்துக்கொண்டு போனார், அதுவும் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் காட்டி.

அப்போது அவர் எனக்கு வெறும் மூன்றாம் கிராஸ் தெருச் சட்டைக்காரர். பேங்கில் காஷியராக இருந்து ரிடையர் ஆனவர், காலர் விறைப்பாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறவர். டீக்காரனுக்கு நீ நீட்டிய நோட்டை நடுவழியில் பிடித்துக்கொண்டார். "நில்லுப்பா, அதைக் குடுத்துடாதே. நம்பருக்கு முன்னாடி பாரு, ஒரு நட்சத்திரம் இருக்கு பார்த்தியா?" என்றார். அச்சடிக்கும்போது ஏதாவது ஒரு நோட்டு கெட்டுப்போனால், அதே நம்பரில் இன்னொன்று அடிக்காமல், கட்டில் அந்த இடத்துக்கு நட்சத்திரம் போட்ட நோட்டை வைப்பார்களாம். அதனால் அது குறைவாம். அதனால் அதைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்களாம். நீ வாயைப் பிளந்து கேட்டாய். நான், "ஏனுங்க சார், நட்சத்திரம் இருந்தா டீ ரெண்டு குடுப்பானா?" என்று கேட்டேன். டீக்காரன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு நீ சிரிக்காத முதல் நாள் அது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அதற்கப்புறம் உன் அரை மணி நேரம் அவர் வீட்டு ஹாலுக்குப் போய்விட்டது. முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு தினமும். "அங்கிள் வீட்டுக்குப் போயிட்டு வரேம்ப்பா" என்பாய். ஒருநாள் அங்கிள் என்பது மாமா என்று மாறியது. அன்றைக்கே நான் உன் அம்மாவிடம் சொன்னேன், "இவன் நோட்டைப் பார்க்கப் போகலை, நர்ஸ் வேலைக்குப் போற பொண்ணு ஒண்ணு அங்க இருக்குது" என்று. அதில் எனக்குச் சந்தோஷம்தான். பெண் தங்கமான பெண். பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அவளுடைய அப்பாவையும் சேர்த்துப் பார்த்தாயே, அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னதையெல்லாம் ஒப்பிப்பாய். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் பேங்க் கவர்னர் கையெழுத்து இருக்காது, டெல்லியில் நிதித் துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும் என்பாய். கொஞ்ச நாளே பதவியில் இருந்தவர் கையெழுத்துப் போட்ட நோட்டு குறைவாக இருக்கும், அதற்கு மதிப்பு என்பாய். ஆறு எண்ணும் ஒரே எண்ணாக இருந்தால் மதிப்பு, ஏறுவரிசையில் வந்தால் மதிப்பு, முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வந்தால் மதிப்பு. வெட்டும்போது பிசகி மூலையில் காது மாதிரி காகிதம் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் மதிப்பு. நான் ஒரு சட்டையில் பிசகினால் வசவு, அச்சில் பிசகினால் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ரசம் ஆறிப்போகும். உன் அம்மாவும் ஆவென்று கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அப்பளத்தை நொறுக்கிச் சத்தம் செய்வேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? நோட்டு விஷயத்தில் உனக்கு முதல் வாத்தியார் நான். நீ ஒன்றாங்கிளாஸ் படிக்கும்போது சைக்கிள் பாரில் உட்கார வைத்து மேட்டகள்ளிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அந்த நீள மதிலைக் காட்டி, "இதுக்குள்ளதான் கண்ணு நோட்டு அடிக்கிறாங்கோ" என்று சொன்னது யார்? "உங்களுக்கு ஒண்ணு குடுக்க மாட்டாங்களாப்பா?" என்று கேட்டாய். அதை உன் மாமனாரிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

அவருக்குச் சமமாக நிற்க நானும் ஒரு தரம் முயற்சி செய்தேன். உன் அம்மா கல்யாணப் புடவை மடிப்புக்குள் ஒரு பழைய இரண்டு ரூபாய் நோட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து, துண்டில் சுற்றி, நீ இருக்கும்போதே அவர் முன்னால் வைத்தேன். லட்சம் என்று சொல்லாவிட்டாலும் ஆயிரமாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பழசுன்னா மட்டும் ஆகாது அண்ணா. இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு, எத்தனை பேருக்கு வேணும், அதுதான் லெக்கா. இது கோடிக்கணக்குல அடிச்ச நோட்டு. நாலு மடிப்பு வேற, பின் குத்தின ஓட்டை வேற. ஞாபகத்துக்கு வெச்சுக்குங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் முடிப்பதற்குள் நீ குனிந்து, "மூலையெல்லாம் உருண்டு போச்சுப்பா" என்றாய். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காது.

மடிப்பு என்ற சொல்லை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். பேன்ட்டில் கத்தி மாதிரி மடிப்பு விழுந்தால் எனக்குக் காசு. அவருக்கு மடிப்பு விழுந்தால் காசு போயிற்று. என் பொருள் கை மாறி, உடம்பில் ஏறி, கசங்கித் திரும்பி வந்தால்தான் எனக்குச் சோறு. அவர் பொருள் யார் கையிலும் படாமல், பெட்டியை விட்டு வெளியே வராமல் கிடந்தால்தான் மதிப்பு. இப்படிப்பட்ட ஆளுக்கும் எனக்கும் நடுவில் நீ கிரேட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. சட்டைப் பையில் மறந்துபோன நோட்டு துணியோடு துவைபட்டு என்னிடம் வரும். அதை நான் ஒருநாளும் எடுத்ததில்லை, அது உனக்குத் தெரியும். ஈரம் போக ஒரு துணியை மேலே போட்டுத் தேய்த்து, அப்பளம் மாதிரி ஆக்கி, சட்டையின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். சின்ன வயதில் உன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "எங்கப்பா நோட்டைப் புதுசாக்கிடுவாரு" என்று காட்டுவாய். போன மழைக்காலத்தில் ஒருநாள், நீ வேலையில் இருந்த நேரம், ஒரு ஐம்பது ரூபாயை நான் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது உன் மாமனார் துணி மூட்டையோடு வந்து நின்றார்.

"கடைக்குப் போற நோட்டுன்னா போடுங்க அண்ணா. சேர்த்து வெக்கிற நோட்டுக்கு மட்டும் இந்தப் பெட்டியைக் காட்டிடாதீங்க" என்றார்.

"ஏனுங்க, மடிப்புப் போயிடுமே. உங்களுக்கு அதுதானே வேணும்?"

"மடிப்பு எங்க போகும், ஒளிஞ்சுக்கும். வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா கோடு எழுந்து நிக்கும். அதோட அச்சு மேடா இருக்கும் பாருங்க, விரல் வெச்சா தட்டும், அது சப்பையாயிடும். மடிஞ்ச நோட்டைக்கூட நாங்க மன்னிச்சுடுவோம். இஸ்திரி போட்ட நோட்டை ஏமாத்துன்னுதான் சொல்லுவோம்."

இதை அவர் சொன்னது என்னிடம். கேட்டது நான் ஒருவன்தான்.

நிச்சயதார்த்தத்தில், ஒப்புத்தாம்பூலத்தன்று, அவர் எழுந்து நின்று, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நூறு ரூபாய் நோட்டை வைத்து உன் கையில் கொடுத்தார். அதிலிருந்த ஆறு எண்ணும் உன் பிறந்த தேதி, மாதம், வருஷம். இரண்டு வருஷம் தேடினாராம். பெங்களூர் ஆட்கள், கோயம்புத்தூர் ஆட்கள், பழைய பேங்க் கூட்டாளிகள், எல்லோரிடமும் சொல்லி வைத்துத் தேடினாராம். "ஒரு லேசான வளைவு இருக்கு, மத்தபடி கை படாத நோட்டு" என்றார். சொந்தக்காரர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நீ பொசுக்கென்று அவர் காலில் விழுந்தாய். நான் தைத்துக் கொண்டுவந்த சட்டை தாம்பாளத்தில் தேங்காய்க்குக் கீழே கிடந்தது. அந்த ஆறு எண்ணைப் பார்த்தால் உனக்குப் பிறந்த நாள். எனக்கு, நான் வராத நாள். ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்பது வேட்டி தேய்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன், ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேரும்போது நீ பிறந்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருந்தாய். உன் அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள். அன்றைக்கு ஊரிலேயே எங்கோ இருந்த மனிதர், அந்தத் தேதியைத் தேடிக் கண்டுபிடித்து உறையில் போட்டுக் கொடுக்கிறார். பெற்ற நான் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். எரியாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்ததும் அதைப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். "தொடாதீங்கப்பா, கரி ஒட்டிக்கும்" என்றாய். அந்தக் கரியில்தான் நீ வளர்ந்தாய் என்று சினிமாவில் வருகிற அப்பன் மாதிரி சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மறுநாள் உன் அம்மா வந்து சொன்னாள், கல்யாணத்துக்கு அப்புறம் நீங்கள் இருவரும் அவர் வீட்டு மாடியில் இருக்கப் போகிறீர்களாம். அவளிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. நான் கிண்டல் செய்வேன் என்று பயமாம். செய்திருப்பேன்தான்.

அந்த வாரம், நீ ஷிப்டுக்குப் போயிருந்தபோது, பீரோவிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பவில்லை. நோட்டை எடுத்துப் பலகையில் வைத்தேன். லேசாகத் தண்ணீர் தெளித்தேன். துணியைப் போட்டேன். பெட்டியை வைத்து ஒரே அழுத்து. பிறகு திருப்பிப் போட்டு இன்னொன்று. துணியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன், அச்சு மேடு இல்லை. அவர் சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்த்தேன் என்று வைத்துக்கொள். இல்லை, வைத்துக்கொள்ளாதே. கெடட்டும் என்றுதான் செய்தேன்.

மூன்று நாள் கழித்து நீ அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குப் போன் போட்டாய். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீ என்னைக் கேட்டாய். நான், "வளைஞ்சு கெடந்துது கண்ணு, நல்லாயிருக்கட்டும்னு ஒரு தேய் தேய்ச்சேன்" என்றேன். அவர் வாசலுக்குப் போய் நோட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். விரலால் தடவினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். மழைக்காலத்தில் என்னிடம் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்குத் தெரிந்தது. வெளியே சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் உன்னிடம், "பாவம், பாசத்துல பண்ணிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? விடுப்பா, ஆயித்து, முடிஞ்சு போச்சு" என்றார். நீ என் தோளில் கையைப் போட்டு, "எங்கப்பாவுக்கு எல்லாமே துணிதான் மாமா" என்றாய். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்.

அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் ஜெயித்துவிட்டேன் என்று இருந்திருப்பேன். நீ மன்னித்தாய். ஒன்றும் தெரியாத ஆளை மன்னிக்கிற மாதிரி மன்னித்தாய். அவரோ என் குட்டை உடைக்காமல் எனக்காகப் பொய் சொன்னார். நோட்டு போனாலும் பரவாயில்லை, மாப்பிள்ளை தன் அப்பாவைக் குறைவாக நினைக்கக் கூடாது என்றுதான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்திலும் அவர் என்னைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று அவர் கல்யாணத்துக்கான சட்டைகளைக் கொண்டுவந்தார். சுற்றிலும் ஆள் இல்லை. நானே கேட்டேன்.

"சம்பந்தி, அன்னைக்கு நீங்க எங்கிட்டச் சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அப்புறம் ஏனுங்க அவன்கிட்டச் சொல்லலை?"

அவர் சட்டைகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார். "சொன்னா நோட்டு திரும்ப வருமா? ஒரு நோட்டு போனா இன்னொண்ணு தேடலாம், நான் தேடிக்கிட்டேதான் இருக்கேன்."

"பொறாமைங்க. வேற ஒண்ணுமில்லை."

"கொத்து." தெரியும் என்று கன்னடத்தில்தான் சொன்னார், கூச்சம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "காலர் ஸ்வல்ப விறைப்பா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நீ மாடிக்குப் போகப் போகிறாய். போ. பெண் வேலை செய்கிற ஆஸ்பத்திரி பக்கம், உன் பஸ்ஸும் பக்கம். எனக்கும் வண்டியிலிருந்து நிமிர்ந்தால் அந்த மாடி தெரியும். பெரிய புத்தி ஒன்றும் சொல்லத் தெரியாது எனக்கு. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் பெண்டாட்டி ஏதாவது செய்தால், அவளுக்குத் தெரியாது என்று முந்திக்கொண்டு மன்னித்துவிடாதே. ஏன் செய்தாய் என்று முதலில் கேள். கேட்டால் ஒரு சண்டை வரும், வரட்டும். கேட்காமல் விட்டால் அவள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தனியாக இருப்பாள். நான் இருந்து பார்த்துவிட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, மாமனாருக்கும் படித்துக் காட்டு. ஒளித்து வைக்காதே. அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன் என்று சொல், இந்த ஒரு விஷயத்திலாவது நான் அவரை முந்திக்கொள்கிறேன். பிறகு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வண்டிக்கு வா. டீக்காரன் இருக்கட்டும், துணி வாங்க வந்தவர்கள் இருக்கட்டும், எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு. பாசத்தில் செய்தாய் என்று திட்டாதே. வேண்டுமென்று செய்தாய் என்று திட்டு. நடுவில் ஜோக் அடிக்க மாட்டேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நீ முடிக்கிறவரை நின்று கேட்பேன்.

இதை எழுதியது,
தெரிந்தே செய்த உன் அப்பா.